சாமிநாதர் துணை

தியானப் பகுதி: லூக்கா 16:19-31, 1 கொரிந்தியர் 6:19-20



இந்த வாரத் தியானத்தை ஒரு குற்ற அறிக்கையோடு தொடங்குகிறேன். குற்றம் என்னுடையது; அது நடந்தது ஓர் ஆட்டோவில்.

சென்ற மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு மூதாட்டியை மருத்துவமனையில் பார்ப்பதற்காக ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி நகருக்குள் செல்லவேண்டியிருந்தது. அம்மா மண்டபம் சாலையில் வந்த ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். அதன் பின்புறத்தில் மஞ்சள் எழுத்துகளில் "சாமிநாதர் துணை" என்று எழுதியிருந்தது. உள்ளே, ஓட்டுநருக்கு எதிரே கண்ணாடியின் மேல் ஒரு சிறு படம் ஒட்டியிருந்தது. அது வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. மேலே சுற்றியிருந்த மல்லிகைச் சரம் படத்தின் பெரும்பகுதியை மறைத்திருக்க, அடியில் ஒரு நாயின் உருவம் மட்டும் தெரிந்தது. சாமிநாதர் என்றால் சுவாமிமலை முருகன், நாய் என்றால் வைரவர் என்று இரண்டையும் கூட்டி, இந்த மனிதர் இன்னார் என்று ஒரு நொடியில் முடிவுகட்டிவிட்டேன்.

உடனே என் ஊழியத்தைத் தொடங்கினேன். மாம்பழச் சாலையில் திரும்பும்போது இயேசு கிறிஸ்து யார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தின்மேல் அவருடைய சிலுவை மரணத்தை விவரித்தேன். சிந்தாமணியைக் கடந்து மெயின்கார்டுகேட் நெரிசலில் நின்றபோது உயிர்த்தெழுதலுக்கு வந்திருந்தேன். அந்த மனிதர் இடையிடையே "சரிங்க ஐயா", "ஆமாங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். அவர் இவ்வளவு கவனமாகக் கேட்கிறாரே என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

மருத்துவமனை வாசலில் இறங்கிப் பணத்தோடு ஒரு கைப்பிரதியையும் நீட்டினேன். அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, சற்றே கூச்சத்தோடு, "ஐயா, எங்க சாமிநாதர் முருகன் இல்லீங்க. அவரும் ஏசுசாமியைப் பத்திப் பிரசங்கம் பண்ணவருதான். நாங்க ஆர்.சி.ங்க" என்றார். மல்லிகைச் சரத்தை விரலால் விலக்கிக் காட்டினார். வெள்ளை அங்கி, அதன்மேல் கறுப்புப் போர்வை, நெற்றியில் ஒரு விண்மீன், காலடியில் எரியும் தீப்பந்தத்தை வாயில் கவ்விய நாய். கத்தோலிக்கத் திருச்சபையின் புனித தோமினிக்கு அவர்.

என் முகம் சிவந்தது. இதோடு முடிந்திருந்தால், சிரித்துக்கொண்டே உங்களிடம் சொல்லியிருப்பேன். அவர் ஆட்டோவை வேப்பமரத்தடியில் ஓரங்கட்டிவிட்டு என்னுடனேயே உள்ளே நடக்கத் தொடங்கினார். "நீங்களும் உள்ளேதான் வருகிறீர்களா, தம்பி?" என்று கேட்டேன். "வீட்டுக்காரம்மாவைச் சேர்த்திருக்குங்க ஐயா. மூணு நாளாச்சு. நாளைக்குக் காலையில ஆபரேசன். மருந்துச் செலவுக்குத்தான் நடுவுல ரெண்டு சவாரி ஓட்டினேன்" என்றார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து அந்த வாசல்வரை நான் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்போதாவது அவரோடு போயிருக்கவேண்டும், வெட்கம் விடவில்லை. "ஜெபித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு என் சபை மூதாட்டி இருந்த பகுதிக்கு விரைந்தேன். போதகர்களாகிய நாங்கள் எத்தனையோ வேளைகளில் தப்பிப்பதற்குப் பயன்படுத்தும் சொல் அது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நான் தவறாகப் படித்த அந்தப் பெயரையே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோமினிக்கு எப்படித் தமிழில் சாமிநாதர் ஆனார்?

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரிடையே ஒரு பழைய வழக்கம் உண்டு. அந்நியப் பெயரின் ஓசையைப் பெயர்க்காமல் பொருளைப் பெயர்ப்பார்கள். இலத்தீனில் 'பவுலுஸ்' என்றால் சிறியவர். ஆகவே பவுல் அவர்களுக்குச் சின்னப்பர். கிரேக்கத்தில் 'ஸ்தேபானோஸ்' என்றால் முடி, கிரீடம். ஆகவே ஸ்தேவான் முடியப்பர். 18ஆம் நூற்றாண்டில் ஏலாக்குறிச்சியில் ஊழியம் செய்த இத்தாலியர் பெஸ்கியின் முதற்பெயருக்கு உறுதியுடையவர் என்று பொருள். அவர் முதலில் தைரியநாதர் எனப்பட்டார், பின்பு வீரமாமுனிவர் என்று உலகறிந்தார். அவர் பாடிய தேம்பாவணியில் யோசேப்பு வளன் ஆனார். நம்முடைய வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் ஓசையைக் காத்தார்கள். இவர்கள் பொருளைக் காத்தார்கள். அந்த வரிசையில் வந்தவரே சாமிநாதர்.

இலத்தீனில் 'தோமினுஸ்' என்றால் ஆண்டவர், கர்த்தர். அதிலிருந்து பிறந்த 'தோமினிக்குஸ்' என்ற சொல்லுக்குக் கர்த்தருக்குரியவர், ஆண்டவருக்குச் சொந்தமானவர் என்று பொருள். ஓய்வுநாளுக்கு மறுநாளைக் கர்த்தருடைய நாள் என்று அழைத்ததால், போர்த்துக்கீசிய மொழியில் ஞாயிற்றுக்கிழமை இன்றும் 'தோமிங்கோ'தான். கோவாவில் தோமிங்கோஸ் என்று பெயருடையவர்கள் பலர். கிரேக்கத்தில் கர்த்தர் 'கூரியோஸ்', அவருக்குரியவர் 'கூரியாக்கோஸ்'. வெளிப்படுத்தின விசேஷம் 1:10இல் யோவான் கர்த்தருடைய நாளைக் குறிக்க எழுதும் சொல்லும் இதுவே. கேரளத்துக் கிறிஸ்தவர்களின் குரியாக்கோஸ் என்னும் பெயர் அங்கிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ஆலயத்தைக் குறிக்கும் 'சர்ச்' என்ற சொல்லும் அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. கோவாவின் தோமிங்கோஸும், கோட்டயத்தின் குரியாக்கோஸும், நம் ஊர்ச் சாமிநாதரும் பொருளால் ஒரே பெயருடையவர்கள்.

ஆனால் தமிழ்ப் பெயரில் ஒரு நுட்பம் இருக்கிறது. சாமிநாதர் என்பதைச் 'சாமிக்கு நாதர்' என்றும் பிரிக்கலாம். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையின் புராணம் அப்படித்தான் பிரிக்கிறது. மகனாகிய முருகன் பிரணவத்தின் பொருளைச் சொல்ல, தந்தையாகிய சிவபெருமான் மாணவனைப் போலக் கேட்டார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. இனி இன்னொரு வகையிலும் பிரிக்கலாம். 'பொற்றொடி' என்றால் பொன் வளையல் மட்டுமல்ல, பொன் வளையல் அணிந்த பெண் என்றும் நம் இலக்கணம் பொருள்கொள்ளும். அதற்கு அன்மொழித்தொகை என்று பெயர். அந்த வழியில் சாமிநாதர் என்றால் 'சாமியைத் தமக்கு நாதராகக் கொண்டவர்'. இலத்தீன் பெயரின் பொருள் அப்போது சரியாக வந்து பொருந்துகிறது.

அன்பானவர்களே, இந்த இடத்தில்தான் என் மனச்சாட்சி என்னைப் பிடித்தது. அந்த ஆட்டோவில் நான் எந்த வகைச் சாமிநாதனாக உட்கார்ந்திருந்தேன்? கர்த்தரை என் பையில் இருந்த கைப்பிரதியைப் போல உடைமையாக வைத்துக்கொண்டு, வேண்டியவருக்கு எடுத்துக் கொடுக்கும் உரிமையாளனாக இருந்தேன். கர்த்தர் என்னை உடையவர் என்ற நினைவு இருந்திருந்தால், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரும் அவருக்கே சொந்தம் என்பது எனக்குத் தோன்றியிருக்கும். சுவாமிமலைக் கதையிலும் மனத்தைத் தொடுவது, பெரியவர் அமர்ந்து கேட்டார் என்பதே. எனக்கு அதுவும் வாய்க்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவனுக்கு இந்தப் பாடம் புதிதாக இருந்திருக்கக் கூடாது. இங்கே பெரியவர்கள் பேசும்போது 'நான்' என்னாமல் 'அடியேன்' என்பதைத் தெருவில் நடக்கும்போதே கேட்கலாம். அரங்கனுக்கு நந்தவனம் அமைத்து மாலை கட்டிய விப்பிரநாராயணர், தொண்டரடிப்பொடி ஆழ்வார் என்ற பெயரால் அறியப்பட்டார். அடியவர்களின் காலில் ஒட்டிய தூசி என்று பொருள். அவர்களுடைய விசுவாசம் வேறு, நம்முடையது வேறு. ஆயினும், தான் யார் என்பதைச் சொல்லுமுன் தான் யாருடையவன் என்பதைச் சொல்லும் பணிவு ரோமர் நிருபத்தின் முதல் வசனத்திலும் இருக்கிறது. அங்கே பவுல் அப்போஸ்தலன் தன்னை முதலில் இயேசு கிறிஸ்துவின் அடிமை என்றே அறிமுகம் செய்கிறார். அப்போஸ்தலன் என்பது அதற்குப் பின்புதான் வருகிறது.

இந்தப் பெயரைச் சுமந்தவர் யார்? தோமினிக்கு ஏறக்குறைய 1170இல் ஸ்பெயின் நாட்டின் கலெருவேகா என்ற சிற்றூரில் பிறந்தவர். மாணவராயிருந்தபோது பஞ்சம் வந்தது. அக்காலத்தில் புத்தகங்கள் ஆட்டுத்தோலில் எழுதப்பட்டவை, விலையுயர்ந்தவை. மனிதர் பசியால் சாகும்போது செத்த தோல்களை வைத்துப் படிப்பதா என்று சொல்லி, தம் குறிப்புகள் எழுதியிருந்த அந்தப் புத்தகங்களையே விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். 1203இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஒரு விடுதியில் தங்கியபோது, விடுதிக்காரர் திருச்சபையின் போதனையை விட்டு விலகியவர் என்று அறிந்தார். அன்றிரவு முழுவதும் இருவரும் உரையாடினார்கள்; விடியும்போது அந்த மனிதர் மனம் மாறியிருந்தார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. ஓர் இரவு முழுவதும் ஒருவரே பேசியிருக்க முடியாது. இவரும் கேட்டிருக்கவேண்டும் என்றே நான் எண்ணுகிறேன்.

அவர் தொடங்கிய சபையை 1216 டிசம்பர் 22ஆம் நாள் போப்பு மூன்றாம் ஹொனோரியுஸ் உறுதிசெய்தார். மறுமாதம் 21ஆம் நாள் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் இருப்பதாகச் சொல்வார்கள். முதலில் 'பிரசங்கித்துக்கொண்டிருக்கிறவர்கள்' என்று பொருள்படும் சொல் எழுதப்பட்டிருந்தது. அதைச் சுரண்டி நீக்கிவிட்டு, 'பிரசங்கிகள்' என்று பொருள்படும் சொல்லை எழுதினார்கள். சில எழுத்துகளின் வேறுபாடுதான். ஆனால் முதற்சொல் ஒருவர் செய்யும் வேலையைக் குறிக்கிறது, இரண்டாவது அவர் யார் என்பதைக் குறிக்கிறது. வேலை மணியடித்தால் முடிந்துவிடும். பேசாதிருக்கும் வேளையிலும் ஒருவர் எதுவாக இருக்கிறாரோ, அதுவே அவருடைய பெயர். 'பிரசங்கிகளின் சபை' என்பதே இன்றளவும் அவர்களுடைய முறையான பெயர்.

மக்கள் வைத்த பெயர்கள் வேறு பல. வெள்ளை அங்கியின்மேல் கறுப்புப் போர்வை அணிந்ததால் இங்கிலாந்தில் அவர்கள் கறுப்புச் சகோதரர்கள். இலண்டனின் பிளாக்ஃபிரையர்ஸ் பகுதிக்கு அவர்களுடைய மடத்தினால்தான் அந்தப் பெயர் வந்தது. அதிலுள்ள 'ஃபிரையர்' என்பது சகோதரன் என்னும் இலத்தீன் சொல்லின் திரிபு. மதிலுக்குள் தங்கும் துறவிகளாக இராமல், நகரத் தெருக்களில் நடந்து, இரந்துண்டு, எல்லாருக்கும் சகோதரராக இருந்தவர்கள் என்பது அதன் கருத்து. நம் ஊர் வாலிபர்கள் ஒருவரையொருவர் 'பிரதர்' என்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு மிக நெருங்கிய உறவு இது.

அந்தச் சகோதரர்களில் ஒருவர் நம் தமிழ் மண்ணில் உறங்குகிறார். 1291ஆம் ஆண்டையொட்டி, பிரான்சிஸ்கு சபையைச் சேர்ந்த மொந்தெகொர்வினோ யோவான் சீனாவுக்குப் போகும் வழியில் அப்போஸ்தலன் தோமாவின் ஆலயம் இருந்த மயிலாப்பூர்ப் பகுதியில் 13 மாதங்கள் தங்கினார். ஏறக்குறைய 100 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகப் பின்னர் 1305இல் சீனாவிலிருந்து எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அவருடைய துணைவர், பிரசங்கிகள் சபையைச் சேர்ந்த பிஸ்தோயா ஊர் நிக்கோலாஸ். அவர் இங்கேயே இறந்து, அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். நிக்கோலாஸைப் பற்றி அந்தக் கடிதம் சொல்வது அவ்வளவே. அவர் இங்கே செய்த ஒரு பிரசங்கமும் நம் கைக்கு வரவில்லை. ஆயினும் 700 ஆண்டுகளுக்குப் பின்பும் அவரை ஒரு பிரசங்கி என்றே அறிகிறோம்.

இனி அந்த நாய். தோமினிக்கைக் கருவுற்றிருந்தபோது, தீப்பந்தத்தைக் கவ்விய ஒரு நாய் தன் வயிற்றிலிருந்து வெளிப்பட்டு உலகத்தைக் கொளுத்துவதாக அவருடைய தாய் கனவு கண்டார் என்பது பழைய மரபுக்கதை. பின்வந்தவர்கள் 'தோமினிக்கானுஸ்' என்ற சபைப் பெயரை இரண்டாகப் பிரித்து, 'தோமினி கானெஸ்', அதாவது கர்த்தருடைய நாய்கள், என்று சொல் விளையாட்டாகப் பொருள் சொன்னார்கள். பெயரின் உண்மையான பிறப்பு அதுவன்று. ஆனால் அது நிலைத்துவிட்டது. ஃபிளாரன்ஸ் நகரின் சாந்தா மரியா நோவெல்லா ஆலயத்தை ஒட்டிய மண்டபத்தில், 14ஆம் நூற்றாண்டில் தீட்டிய சுவரோவியத்தில், கறுப்பும் வெள்ளையுமான நாய்கள் ஓநாய்களை விரட்டுகின்றன.

அந்த ஓவியத்தை நினைக்கும்போது வரலாறும் நினைவுக்கு வருகிறது. தோமினிக்கு இறந்து சில ஆண்டுகளுக்குள் மாற்றுக் கருத்துடையோரை விசாரிக்கும் பொறுப்பு அவருடைய சபையாரிடம் தரப்பட்டது. அதனால் விளைந்த துன்பத்தை நாம் அறிவோம். நாய் தன்னை எஜமானாக எண்ணிக்கொண்டபோது கடித்தது. அதே சபையைச் சேர்ந்த அந்தோனியோ மொந்தெசீனோஸ் 1511இல் ஹிஸ்பானியோலா தீவில், அங்கிருந்த பூர்வகுடிகளை வதைத்த தன் நாட்டவரை நோக்கி, இவர்கள் மனிதர் அல்லவா என்று பிரசங்க மேடையிலிருந்து கேட்டார். அது காவல் நாயின் குரைப்பு. குரைக்க வேண்டிய வேளையில் குரைக்காத நாய்களை ஏசாயா 56:10 கண்டிக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

ஆனால் வேதத்தில் கடிக்கவும் குரைக்கவும் செய்யாத நாய்களும் உண்டு. இன்றைய தியானப் பகுதியில், ஐசுவரியவானின் வாசலருகே பருக்கள் நிறைந்தவனாய்க் கிடந்த லாசருவை மீண்டும் பாருங்கள். அவனைத் தாண்டி எத்தனை பேர் உள்ளே போய் வந்திருப்பார்கள்! அவனிடம் வந்தவை நாய்கள் மட்டுமே. அவை அவன் பருக்களை நக்கின. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரிச் சபையின் தலைவராயிருந்த பெரிய கிரகோரியார் இந்தப் பகுதியைப் பிரசங்கித்தபோது, அந்த நாய்களைப் பிரசங்கிகளுக்கு ஒப்பிட்டார். பிரசங்கியின் நாவு காயத்தைத் தொட்டு ஆற்றுவதற்காகவே கொடுக்கப்பட்டது என்பது அவருடைய கருத்து. இதை எண்ணியபோது நள்ளிரவு கடந்திருந்தது. என் நாவு அன்று எவ்வளவோ வேலை செய்தது. ஆனால் ஒரு காயத்தின் அருகிலும் போகவில்லை.

மறுநாள் அதிகாலை மருத்துவமனைக்குப் போனேன். அறுவை அரங்கின் வெளியே, சுவரில் சாய்ந்தபடி அந்தத் தம்பி தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஜெபமாலை இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார். "உட்காருங்கள்" என்று சொல்லி, நானும் அருகில் தரையில் அமர்ந்தேன். "நேற்று உங்களை ஒன்றும் கேட்காமலே வந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். வீட்டில் அவர்களுக்கு என்ன உடம்பு?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார். முதலில் நோயைச் சொன்னார், பிறகு கடனை, பிறகு பள்ளிக்குப் போகாமல் பாட்டி வீட்டில் இருக்கும் பெண்பிள்ளையை. நடுவில் அந்தப் படத்தைப் பற்றியும் சொன்னார். அது அவருடைய ஆத்தா வைத்திருந்த பழைய ஜெபப் புத்தகத்தில் இருந்ததாம். "அந்த நாய் எதுக்குன்னு சின்ன வயசுல கேப்பேன் ஐயா. எசமானுக்கு முன்னாடி விளக்குப் புடிச்சுக்கிட்டு ஓடுதுடான்னு ஆத்தா சொல்லும்" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஆத்தா, நான் ஓர் இரவு முழுவதும் தேடியதை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்திருந்தார்.

மூன்று மணி நேரம் ஆயிற்று. அதில் நான் பேசியது மிகக் கொஞ்சம். கதவு திறந்து மருத்துவர் வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். அந்தத் தம்பி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பின்பு என்னைப் பார்த்து, "இப்ப ஒரு ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றார். ஜெபம் ஒரு நிமிடத்துக்கு மேல் நீளவில்லை. அதற்கு முன் அப்படி நான் ஜெபித்ததாக எனக்கு நினைவில்லை.

வாசகரே, உங்கள் ஞானஸ்நானப் பெயர் எதுவாயினும், அதன் அடியில் இன்னொரு பெயர் எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் உங்களுடையவர்கள் அல்லர், விலை கொடுத்து வாங்கப்பட்டவர்கள் என்று அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு நினைவூட்டுகிறார். தோமினிக்கு, குரியாக்கோஸ், சாமிநாதர் என்று எந்த மொழியில் சொன்னாலும் அது நம் எல்லாருடைய பெயரும்தான். இந்த வாரம் ஒருவரிடம் கர்த்தரைப் பற்றிப் பேசும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்குமானால், நிச்சயமாகப் பேசுங்கள். அதற்கு முன்பாக, அவருடைய வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேளுங்கள். கேட்டபின், பதில் முடியும்வரை காத்திருங்கள்.

ஜெபம்: எங்களை உமக்குச் சொந்தமாக வாங்கின கர்த்தாவே, உம்மை எங்கள் உடைமையாக எண்ணிப் பேசிய வேளைகளை மன்னியும். எங்கள் நாவுக்கு முன்பாக எங்கள் செவியைத் திறந்தருளும். வாசலில் கிடக்கிற லாசருவைத் தாண்டிப் போகாதபடி எங்கள் கால்களை நிறுத்தும். உமக்கு முன்னே விளக்கைச் சுமந்து ஓடுகிறவர்களாக எங்களை வைத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.